பக்கத்து மெஷின்காரர்

துண்டாகிக் கீழே விழுந்த விரல் அந்த நொடியிலேயே செத்துவிடுவதில்லை. ரத்த ஓட்டம் அறுந்த பிறகும் அதிலுள்ள தோலும் எலும்பும் தசைநாணும் மிகக் குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளும். சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ 12 மணி நேரம் வரை அந்த விரலை மறுபடி கையோடு சேர்த்து உயிரூட்ட முடியும். முறையாகக் குளிர்வித்து வைத்தால் 24 மணி நேரமும் அதற்கு மேலும் தாங்கும். முழங்கையோடு அறுந்த கைக்கு இந்த அவகாசம் கிடையாது. அதில் சதை இருக்கிறது. சதைக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். குளிர்விக்காமல் 6 மணி நேரம் தாண்டினால் அது சிதையத் தொடங்கும். பொட்டாசியமும் அமிலமும் மயோகுளோபின் என்ற புரதமும் அதற்குள் தேங்கும். அந்த நிலையில் கையைப் பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிட்டால், தேங்கிய நஞ்சு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். விரலை அசைக்கும் பெரிய தசைகளோ முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் வருவது அவற்றின் தசைநாண்கள் மட்டுமே. விரல் அதிக நேரம் தாங்குவதற்கு அதுதான் காரணம்.

இனி கோவையைச் சுற்றியுள்ள ஊர்களை நினைத்துப் பாருங்கள். சோமனூர், பல்லடம், திருப்பூர், அன்னூர், பொள்ளாச்சி, உடுமலை என எங்கிருந்து கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கோவைக்கு வந்துவிடலாம். ஈரோட்டுக்கும் கரூருக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடிகாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கொங்கு நாட்டில் நேரம் தவறியதால் ஒரு விரல்கூடப் போகக் கூடாது. ஆனாலும் போகிறது. விபத்து நடந்த முதல் இருபது நிமிடத்தில், டாக்டர் யாரும் பக்கத்தில் இல்லாத பட்டறைத் தரையில், கூட வேலை செய்பவர்கள் எதைச் செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதில்தான் பல விரல்களின் கதி முடிவாகிறது.

அறுந்த உறுப்பைத் திரும்ப ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சையின் வரலாறே தொழிற்கூடத்தைத் தொட்டுத்தான் வளர்ந்தது. 1962-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரயிலில் அடிபட்ட 12 வயதுச் சிறுவனின் கையை ரொனால்டு மால்ட் தலைமையிலான மருத்துவர்கள் வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டே ஷாங்காய் நகரில், இயந்திரத்தில் மாட்டி மணிக்கட்டுக்கு மேல் துண்டான ஒரு தொழிலாளியின் கையை சென் சோங்வெய் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் சேர்த்துக் காட்டினார்கள். விரல் இன்னும் கடினமானது. அதன் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. 1965-ல் ஜப்பானின் நாரா மாநிலத்தில் கொமாட்சு, டமாய் என்ற இரு மருத்துவர்கள் நுண்ணோக்கியின் கீழ் ஒரு கட்டைவிரலைத் தைத்து அந்த எல்லையையும் கடந்தார்கள். அந்தத் தையலுக்கான நூல் தலைமுடியைவிட மெல்லியது. முதலில் எலும்பைப் பொருத்தி, பின் தசைநாண்களை இணைத்து, அதன் பிறகு தமனி, நரம்பு, சிரை என்று ஒவ்வொன்றாகத் தைத்து முடிக்க ஒரு விரலுக்கே பல மணி நேரம் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை இதற்கு வழிகாட்டியது. கோவையில், மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978-ல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, அவருடைய மகன்கள் எஸ். ராஜசேகரன், எஸ். ராஜசபாபதி ஆகியோர் காலத்தில் எலும்பு முறிவுக்கும் கை அறுவைக்கும் உலகம் அறிந்த மையமாயிற்று. வெளிநாட்டு மருத்துவர்கள் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள இந்த மருத்துவமனைக்கு வந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். இப்படி ஒரு துறை இந்த ஊரில் வேரூன்றியது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். இங்கே அடிபட்ட கைகள் அத்தனை வந்தன.

அந்தக் கைகள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. பஞ்சாலைக்கு உதிரிபாகம், கிணற்றுக்கு மோட்டார் பம்ப், வீட்டுக்கு வெட் கிரைண்டர் என்று ஊரே பட்டறையானது. ஒரு மோட்டாருக்குள் அடுக்கியிருக்கும் மெல்லிய இரும்புத் தகடுகள் பவர் பிரஸ்ஸில் வெட்டப்படுபவை. தகட்டைக் கையால் வைத்து, மிதியை அழுத்தி, வெட்டியதைக் கையால் எடுக்கும் வேலை. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை கை பிரஸ்ஸின் வெட்டு அச்சுக்குள் போய் வரும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மூளைக்கு ஏறத்தாழ கால் விநாடி தேவை. இறங்கத் தொடங்கிய பிரஸ் அந்தக் கால் விநாடியைத் தராது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும் என்று சுவிட்ச் அமைப்பது இதற்காகத்தான். உற்பத்தி வேகத்துக்காக அதில் ஒன்றை டேப் ஒட்டி முடக்கிவைப்பது குற்றம். முதலுதவி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த டேப்புக்கு ஈடாகாது.

பிரஸ் நசுக்கும், திருப்பூரின் துணி வெட்டும் கத்தி அறுக்கும், பெல்ட்டும் ரோலரும் பிய்த்தெடுக்கும். மூன்றும் மூன்று விதக் காயம். சுத்தமாக அறுந்த குழாயைத் தைப்பது எளிது. நசுங்கியதில் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டுத் தைக்க வேண்டும். பிய்ந்ததில் குழாயின் உட்சுவர் நெடுகக் கிழிந்திருக்கும். எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அறுவை மருத்துவர் சொல்லட்டும். பட்டறையில் நிற்பவர் அதை முடிவுசெய்துவிடக் கூடாது. "அது கூழாப் போச்சுங்க, எடுத்துட்டுப் போய் என்னத்துக்கு?" என்று குப்பையில் போட்ட விரலிலிருந்து ஒரு துண்டுத் தோலோ நரம்போ எலும்போ எடுத்துப் பக்கத்து விரலைக் காப்பாற்றியிருக்க முடியும். அறுவை அரங்கில் அது அன்றாடம் நடப்பது. கிடைத்த துண்டு எதுவானாலும், எத்தனை சின்னதானாலும், கொண்டுபோக வேண்டும். கையுறை போட்டிருந்தால் முதலில் கையுறைக்குள் தேட வேண்டும்.

இனி குளிர்விக்கும் கதை. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு செய்தி மட்டும் வாசகரிடம் தங்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உடல் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. 32 டிகிரியில் இருக்கும் விரலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதன் ஆக்சிஜன் தேவை கணக்குப்படி ஏழில் ஒரு பங்காகிவிடும். இது தெரிந்தோ தெரியாமலோ மக்கள் ஐஸைத் தேடி ஓடுகிறார்கள். ஓடுவது சரி. விரலை நேராக ஐஸ் கட்டிக்குள் புதைப்பதுதான் தவறு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியில் இருக்கும். நம் திசுநீரில் உப்பு கரைந்திருப்பதால் அது உறைவது சுமார் மைனஸ் அரை டிகிரியில். ஐஸ் கட்டி தொட்ட இடத்தில் விரல் உறைந்துவிடும். உறையும் நீர் விரியும்; பனிப்படிகங்கள் ரத்தக்குழாயின் உட்பூச்சைக் கிழிக்கும். நுண்ணோக்கியின் கீழ் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் கிழிந்த உட்பூச்சின் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் நிலைமை வேறு. ஐஸ் முழுக்கக் கரையும்வரை அந்தக் கலவை பூஜ்ய டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. திசு உறையும் புள்ளி அதற்கும் கீழே அரை டிகிரியில் இருக்கிறது. இந்த அரை டிகிரி இடைவெளிதான் விரலைக் காக்கிறது. கலவையில் உப்புப் போட்டால் வெப்பம் இன்னும் இறங்கி அந்தக் காப்பு போய்விடும்.

விரலைத் தண்ணீருக்குள் போடுவதும் கூடாது. வெறும் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை ஊதவைக்கும். சுத்தமான துணியை சலைனில், கிடைக்காவிட்டால் குடிதண்ணீரில், நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்ற வேண்டும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு பையிலோ வாளியிலோ வைக்க வேண்டும். பையின் மேல் அடிபட்டவர் பெயரும் நேரமும். இதற்கு வேண்டியவை இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு துணி, கொஞ்சம் ஐஸ். கொங்கு நாட்டில் பேக்கரி இல்லாத தெருமுனை கிடையாது. பேக்கரியில் ஐஸ் இல்லாமல் இருக்காது. விரலைக் கழுவுகிறேன் என்று பட்டறையில் கைக்கெட்டிய மண்ணெண்ணெயை ஊற்றுவதும், காயத்தில் மஞ்சள்தூளையோ காபித்தூளையோ அப்புவதும் அறுவை மருத்துவருக்கு இன்னொரு மணி நேர வேலையைக் கூட்டும். தொங்கிக்கொண்டிருக்கும் விரலை "பாதி போயிருச்சு" என்று வெட்டி எடுக்கவே கூடாது. அந்த மெல்லிய தோல் இணைப்புக்குள் ஒரு சிரை மிச்சமிருக்கலாம்.

அடிபட்டவரின் கையைப் பற்றி இப்போது. பார்ப்பவர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, முழுதாகத் துண்டான விரலைவிடப் பாதி அறுந்த மணிக்கட்டு அதிகம் ரத்தம் கொட்டும். முழுதாக அறுந்த தமனி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் தசைச் சுவர் வாயை நெருக்கிவிடும். பாதி அறுந்த தமனியால் பின்வாங்க முடியாது, வாய் திறந்தபடியே இருக்கும். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: சுத்தமான துணியை மடித்து நேராகக் காயத்தின் மேல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிப்பது. பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று நிமிடத்துக்கொரு முறை துணியைத் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும். கையில் கயிறு கட்டும் பழக்கம் ஆபத்தானது. மெல்லிய கயிறு நரம்பை அறுக்கும். அரைகுறையாக இறுக்கினால் தோலுக்கருகில் உள்ள சிரை மட்டும் அடைபட்டு, ஆழத்தில் ஓடும் தமனி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒழுக்கு கூடும். அழுத்தியும் நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், பயிற்சி பெற்றவர் அகலப் பட்டியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைக்கலாம். அந்த நிலை அரிது.

கை இயந்திரத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் மீட்பவர் டாக்டரல்ல, ஃபிட்டர். மெயின் சுவிட்ச்சை அணைத்ததும் எல்லாரும் செய்ய நினைப்பது இழுப்பது. அல்லது மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓட்டிக் கையை வெளியே எடுப்பது. இரண்டுமே காயத்தை இரட்டிப்பாக்கும். போல்ட்டைக் கழற்றி ரோலரைத் தூக்கத் தெரிந்தவரை அழைப்பதே சரி. அதுவரை ஒருவர் அடிபட்டவரின் தோளைத் தாங்கிப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த மெஷினில் எந்த நான்கு போல்ட் என்பதை ஷிப்டில் இருக்கும் ஃபிட்டர் முன்கூட்டியே அறிந்திருப்பது, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருப்பதற்குச் சமமான முக்கியம் என்பேன்.

துணிந்து முன்னால் போகவே கூடாத ஒரு விபத்தும் இங்கே உண்டு. திருப்பூர், பெருந்துறை வட்டாரச் சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் பிடிக்க சோடியம் சல்ஃபேட் உப்பை ஏராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கழிவுத் தொட்டியின் அடியில் காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா அந்த சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உமிழும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மோப்ப நரம்பே செயலிழந்து நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போனது என்று இறங்குபவர் இறப்பதற்குத்தான் இறங்குகிறார். இன்னும் சில மடங்கு கூடினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மேலே நிற்பவர், பெரும்பாலும் தம்பியோ மச்சானோ ஊர்க்காரரோ, உடனே குதிப்பார். அவர் பின்னால் மூன்றாமவர். இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1980-களில் கணக்கிட்டது. பயிற்சியின் மிகக் கடினமான பாடம் இது: கண்ணெதிரே தம்பி விழுந்து கிடக்கும்போது இறங்காமல் நிற்பது. அதை வெறும் கட்டளையாகச் சொன்னால் எந்த மனிதனும் கேட்க மாட்டான். இறங்குபவர் இடுப்பில் கயிறும், கயிற்றின் மறுமுனை மேலே உள்ள கப்பியிலும் இருந்தால்தான், இறங்காமலே இழுத்துக் காப்பாற்ற ஒரு வழி மேலே நிற்பவனுக்கு இருக்கும்.

மின்சாரம் தாக்கியவருக்கும் மாரடைப்பில் சாய்ந்தவருக்கும் வேண்டியது வேறு. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும். அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு வரை பறிபோகிறது.

சட்டம் இவற்றை அறியாததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆம் பிரிவில், 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிச் சான்று பெற்ற தனி ஆள் பொறுப்பு, அவர் வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு இருக்க வேண்டும் என்றது. பெட்டிக்குள் விதித்த பொருளைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதியது. எழுதியவர்கள் தொழிற்சாலைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று தோன்றுகிறது. பில் புத்தகமும் ஸ்பேனரும் தூங்கும் பெட்டிகள் எனக்குத் தெரியும். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு என்று அட்டவணையே போட்டது. மற்ற நான்கு விரலோடும் எதிர்நின்று பிடிப்பது கட்டைவிரல்; அதனால் அந்த இரட்டிப்பு மதிப்பு.

ஆனால் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரத்தால் இயங்கும் இடமானால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒரு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு பிரஸ், நான்கு ஆட்கள், முதலாளியும் சேர்ந்து ஓட்டும் ஜாப் ஒர்க் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. சோமனூர்ப் பக்கம் வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கூடங்கள். பெரிய மில்லில் ஆம்புலன்ஸும் நர்ஸும் உண்டு. விபத்து நடந்தால் தவிப்பது இந்தச் சின்னப் பட்டறைகள். அங்கே முதலாளியின் கையும் அதே பிரஸ்ஸுக்குள்தான் போய் வருகிறது.

முதலுதவி வகுப்பு என்ற ஏற்பாடே உழைக்கும் மக்களுக்காகத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் உருவானது. மறு ஆண்டு பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் வுல்விச்சில் பொதுமக்களுக்கு முதல் பாடம் எடுத்தார். சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் அது வேகமாகப் பரவியது. ஜெர்மனியின் எஸ்மார்க் போர்க்களத்துக்காகப் பரப்பிய முக்கோணத் துணிக்கட்டு இன்றும் நம் பெட்டிகளில் இருக்கிறது. அந்த வகுப்புகளின் மரபு ஒரு நாள் பாடமாகவும் ஒரு சான்றிதழாகவும் சுருங்கி நம்மிடம் வந்திருக்கிறது. கைப்பழக்கமோ அப்படித் தங்குவதில்லை. நெஞ்சழுத்தம் கற்றவர்களின் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தேய்கிறது என்பது திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்ட முடிவு. ஆண்டுக்கொரு நாள் ப்ரொஜெக்டரில் படம் காட்டிவிட்டு டீயும் வடையும் கொடுத்து அனுப்புவதால் யார் கையும் பழகாது.

இன்னொன்று, பயிற்சியின் மொழி. இன்று கோவை ஃபவுண்டரிகளிலும் திருப்பூர் கம்பெனிகளிலும் பக்கத்து மெஷினில் நிற்பவர் பீகாரோ ஒடிசாவோ ஜார்க்கண்டோ சேர்ந்தவராக இருக்கலாம். இரவு ஷிப்டில் அவரே பெரும்பான்மை. தமிழிலோ ஆங்கிலத்திலோ எடுத்த வகுப்பு அவரை எட்டுவதில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் அலுவலகத்தில் இருப்பவர்களை அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்காதவருக்குச் சான்றிதழ் கிடைத்து அடிபட்டவருக்கு என்ன பயன்?

எனக்குத் தெரிந்த வழி எளிமையானது; செலவும் அதிகமில்லை. 1969 முதல் இயங்கும் கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் இங்கே வலுவாக இருக்கின்றன. பத்துப் பட்டறை உள்ள ஒரு தெருவை ஒரு தொழிற்சாலையாகக் கருதி, மூன்று மாதத்துக்கொரு முறை, ஷிப்ட் மாறும் நேரத்தில் அரைமணி மெஷின்களை நிறுத்தலாம். ஒரு ரப்பர் கையுறைக்குள் கேரட் துண்டைப் போட்டு ஸ்கிராப் தொட்டியில் வீசிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சுவிட்ச்சுக்கு, ஒருவர் காயத்தை அழுத்த, ஒருவர் துண்டைத் தேட, ஒருவர் பேக்கரிக்கு, ஒருவர் போனுக்கு. போன் செய்பவர் நுண்ணறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் பேசி, கையின் படத்தையும் துண்டின் படத்தையும் அனுப்பி, கிளம்பிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். வழியில் மூன்று கிளினிக்கில் நிறுத்துவதிலும், காசு யார் கட்டுவது என்று முதலாளிக்குக் காத்திருப்பதிலும்தான் விரலுக்கான அவகாசம் கரைகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டையின் நகல் சூப்பர்வைசர் போனில் முன்பே இருக்கட்டும். அடிபட்டவருக்கு வழியில் டீ, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். மூன்று மாதம் கழித்து ஆட்களை மாற்றிவிட வேண்டும்: போன முறை பேக்கரிக்கு ஓடிய ஒடிசாப் பையன் இந்த முறை காயத்தை அழுத்தட்டும், முதலாளி ஸ்கிராப்புக்குள் கேரட்டைத் தேடட்டும்.